உங்களுக்குத் தெரியுமா? ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் விஞ்ஞானி எர்ன்ஸ்ட் லக்கேரின் குழு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை முதன்முதலில் பிரித்தெடுத்தது. 100 கிலோ காளை விதைகளை அரைத்துக் காய்ச்சியதில் கிடைத்தது 10 மில்லிகிராம்தான். நலமாக உள்ள இளைஞனின் உடம்பு அதை ஒன்றிரண்டு நாளில் சும்மாவே சுரந்துவிடும், அவன் கெடுக்காமல் இருந்தால்!

கெடுப்பதில் முதல் ஆள் தூக்கமின்மை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது (2011). ராத்திரி 1 மணி வரை ரீல்ஸ், விடிந்தால் டம்பெல் என்று இருப்பவர் முதலில் போனை வைக்கட்டும். செலவே இல்லாத வைத்தியம் என்பதால்தானோ என்னவோ, இதை யாரும் மதிப்பதில்லை.

சாயங்காலம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு 'எனக்குக் குறைவு' என்று பயப்பட வேண்டாம். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், போகப் போக இறங்கும். காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்தால்தான் கணக்கு. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் அளவுகோல்.

சிக்ஸ் பேக் ஆசைக்கு ஒரு விலை உண்டு. ஸ்டீராய்டு தொடாத ஒரு பாடிபில்டரை, போட்டிக்குத் தயாரான 6 மாதமும் ஆய்வாளர்கள் கவனித்து 2013-இல் எழுதினார்கள். உடல் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5-க்கு வந்தது. டெஸ்டோஸ்டிரோன்? 922-லிருந்து 227! மேடையில் ஆண்மையின் உச்சம், ரத்தத்தில் குறைபாடு. போட்டி முடிந்து வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. ஆகவே 'கட்டிங்' என்ற பெயரில் எண்ணெயையும் மஞ்சள் கருவையும் மாதக்கணக்கில் தள்ளிவைக்காதீர்கள். தொப்பை இருப்பவருக்கு மட்டும் கதை வேறு: கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால், எடை குறைந்தாலே அளவு ஏறும்.

துத்தநாகத்தின் அருமையைக் கண்டுபிடித்தவர் பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். அவருடைய ஆய்வில், துத்தநாகம் குறைந்த சாப்பாட்டை 20 வாரம் சாப்பிட்ட இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய கால்பங்குக்குச் சரிந்தது. கறி, நண்டு, கொண்டைக்கடலை, பூசணி விதை போதும். குறைபாடு இல்லாதவர் மாத்திரை விழுங்கினாலும் கூடுதலாக எதுவும் ஏறாது.

'பூஸ்டர்' டப்பாக்களில் டிரிபுலஸ் என்று போட்டிருப்பது நம் நெருஞ்சில்தான். ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு 5 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அதை எடுக்காதவர்களைவிடத் தசையும் கூடுதலாக ஏறவில்லை, ஹார்மோனும் மாறவில்லை.

ஊசி? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விதைகளுக்கு ஆணையிடுவதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டது. நன்றாகவே வேலை செய்தது!

ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று கையை நீட்டாதீர்கள். இரண்டு காலைப் பரிசோதனையிலும் குறைவு என்று வந்தால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.