வீடு வாங்கினால் பணம் திரும்ப வரும்: பரிந்துரை ரிபேட் திட்டங்களில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் வீடு வாங்க விரும்பும் ஒருவரை ஓர் ஏஜென்ட்டிடம் அனுப்பிவைக்கும் நிறுவனம், அதற்காக அந்த ஏஜென்ட்டின் கமிஷனில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்கிறது. இதுவே பரிந்துரைக் கட்டணம். அந்தப் பங்கிலிருந்து ஒரு சிறு தொகையை வீடு வாங்கியவருக்கே திருப்பிக் கொடுத்தால் அதற்கு ரிபேட் என்று பெயர். இரண்டும் இணைந்தவை பரிந்துரை ரிபேட் திட்டங்கள். வீடு தேடித் தரும் இணையதளங்கள், கடன் நிறுவனங்கள், உறுப்பினர் சங்கங்கள், ஊழியர்களை வேறு ஊருக்கு மாற்றும்போது குடியமர்த்தித் தரும் நிறுவனங்கள் ஆகியவை இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. வேலை நிமித்தம் நியூ ஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த அழைப்புகள் வருகின்றன. "எங்கள் ஏஜென்ட் மூலம் வாங்கினால் இத்தனை டாலர் திரும்பக் கிடைக்கும்" என்ற வாக்குறுதி பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்தப் பணம் யாருடையது, எந்த நிபந்தனையுடன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அதை ஏற்பது நல்லது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பரிந்துரைக் கட்டணம் ஏஜென்ட்டின் மொத்தக் கமிஷனில் ஒரு சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. ஊர் மாறிப் போகும் வாடிக்கையாளரை ஒரு ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டிடம் அனுப்பும்போது 25 சதவீதம் என்பது நெடுநாள் வழக்கம். இணையதளங்களும் பெரிய வலையமைப்புகளும் 30 முதல் 40 சதவீதம் வரை கேட்பதுண்டு. வீடு கைமாறிய பிறகே இது செலுத்தப்படுகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். வீட்டின் விலை 4,00,000 டாலர். வாங்குபவரின் ஏஜென்ட்டுக்குரிய கமிஷன் 2.5 சதவீதம், அதாவது 10,000 டாலர். பரிந்துரைத்த நிறுவனம் 30 சதவீதம் எடுத்தால் அதற்கு 3,000 டாலர் போகிறது. அதிலிருந்து 1,000 டாலரை வாங்கியவருக்கு ரிபேட்டாகக் கொடுத்துவிட்டு, மீதி 2,000 டாலரை நிறுவனம் வைத்துக்கொள்கிறது. எஞ்சிய 7,000 டாலரை ஏஜென்ட்டும் அவர் பணிபுரியும் புரோக்கர் நிறுவனமும் 70-க்கு 30 என்று பிரித்துக்கொண்டால், ஏஜென்ட்டின் கையில் வருவது 4,900 டாலர்.

இடையில் யாரும் இல்லாமல், வாங்குபவரே ஏஜென்ட்டிடம் பேசி 2,000 டாலர் குறைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 8,000 டாலரில் ஏஜென்ட்டுக்கு 5,600 டாலர் கிடைக்கும். வாங்குபவருக்கு 1,000 டாலர் கூடுதல் லாபம். ஏஜென்ட்டுக்கு 700 டாலர் கூடுதல் வருமானம். எல்லா ஏஜென்ட்டும் இப்படிக் குறைத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ரிபேட் என்பது நிறுவனம் தன் கையிலிருந்து தரும் பரிசு அல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்தக் கமிஷனை வாங்குபவர் நேரடியாகச் செலுத்தலாம், அல்லது வீட்டின் விலைக்குள் அடங்கியதாக விற்பவர் செலுத்தலாம். எப்படியானாலும் அது வாங்குபவர் கொண்டுவரும் பணத்திலிருந்தே பிறக்கிறது.

ஏஜென்ட்டுக்கு லாபமும் சுமையும்

தொழிலுக்குப் புதியவருக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் பரிந்துரைத் திட்டம் ஓர் ஊன்றுகோல். முன்பணம் போட்டு விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. வீடு விற்றால்தான் கட்டணம். வாங்கும் எண்ணம் உறுதியாக உள்ளவர்கள் தேடி வருகிறார்கள்.

சுமையும் சிறியதல்ல. கமிஷனில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும் ஏஜென்ட், அதை ஈடுகட்ட அதிக வாடிக்கையாளர்களை ஏற்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் நேரம் குறைகிறது. கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு வாங்குபவர் கேட்டால், விட்டுக்கொடுக்க அவரிடம் இடமில்லை. வலையமைப்பு தரும் வாடிக்கையாளர்களையே நம்பியிருக்கும் ஏஜென்ட், அதன் விருப்பத்துக்கு மாறாக நடக்கத் தயங்குவார். ஏற்கெனவே பல வாரங்கள் ஒரு குடும்பத்துக்கு வீடு காட்டிய ஏஜென்ட்டிடம், அந்தக் குடும்பம் தாமதமாக ஒரு திட்டத்தில் பதிந்துகொண்டதைக் காரணம் காட்டிப் பரிந்துரைக் கட்டணம் கேட்கப்படுவதும் உண்டு. இந்தத் துறையில் நெடுநாளாகக் கசப்பை வளர்க்கும் வழக்கம் இது.

உரிமம் சார்ந்த எல்லைகளையும் ஏஜென்ட் மீறக்கூடாது. வீட்டுத் தரகுக்கான பரிந்துரைக் கட்டணம் உரிமம் பெற்ற புரோக்கர்களுக்கு இடையில்தான் செல்லலாம். பழைய வாடிக்கையாளரிடம் "நண்பரை அனுப்புங்கள், 500 டாலர் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொல்வது நட்பாகத் தோன்றலாம். உரிமம் இல்லாதவருக்குப் பரிந்துரைக்காகப் பணம் தருவதைப் பெரும்பாலான மாநிலங்களின் உரிமச் சட்டங்கள் தடுக்கின்றன. கூட்டாட்சிச் சட்டத்தின் கீழும் அது சிக்கலுக்கு இடமளிக்கும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய அபாயங்கள்

முதல் அபாயம் தேர்வு சுருங்குவது. பரிந்துரைப் பட்டியலில் இருப்பவர்கள் அந்தப் பகுதியின் மிகச் சிறந்த ஏஜென்ட்டுகள் என்று பொருளல்ல. கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் என்பதே உறுதி. விலை பேசுவதில் திறமையுள்ள ஏஜென்ட் மிச்சப்படுத்தித் தரும் தொகை, ரிபேட்டைவிடப் பல மடங்காக இருக்கக்கூடும்.

இரண்டாவது, நிபந்தனைகள். ஏஜென்ட்டுடன் பேசும் முன்பே பதிந்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ளவரையே பயன்படுத்த வேண்டும், கிரயம் முடிந்த சில நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பவை வழக்கமானவை. ஒன்று தவறினாலும் பணம் வராது.

மூன்றாவது அபாயம்தான் மிகப் பெரியது. ரிபேட் வேண்டுமானால் குறிப்பிட்ட நிறுவனத்திடம் கடன் வாங்க வேண்டும் என்று சில திட்டங்கள் கோரும். 3,20,000 டாலர் கடனில் வட்டி கால் சதவீதம் கூடினால், முதல் ஆண்டிலேயே சுமார் 800 டாலர் கூடுதல் வட்டி. 1,000 டாலர் ரிபேட் இரண்டு ஆண்டுக்குள் கரைந்துவிடும். கடனோ 30 ஆண்டு தொடரும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

1974-இல் இயற்றப்பட்ட, சுருக்கமாக ரெஸ்பா எனப்படும் வீட்டுக் கிரய நடைமுறைச் சட்டம் இதில் முதன்மையானது. வீட்டுக் கடன், டைட்டில் எனப்படும் வீட்டு உரிமைக் காப்பீடு போன்ற கிரயச் சேவைகளுக்கு ஆளை அனுப்பியதற்காகப் பணமோ வேறு பொருள் மதிப்புள்ள எதுவுமோ தருவதையும் பெறுவதையும் அதன் 8-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் சேவைக்குச் செலுத்திய தொகையைப்போல் மூன்று மடங்கு இழப்பீடு. ஏஜென்ட்டுகளும் புரோக்கர்களும் தங்களுக்குள் கமிஷனைப் பகிர்ந்துகொள்வதற்கு இதே பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஏஜென்ட்டுக்கு ஏஜென்ட் தரும் பரிந்துரைக் கட்டணம் சட்டப்படி சரி. கடன் நிறுவனம் ஏஜென்ட்டுக்குத் தரும் பரிந்துரைப் பணம் குற்றம்.

கடன் நிறுவனமும் புரோக்கர் நிறுவனமும் ஒரே உரிமையாளரின் கீழ் இருந்தால், பரிந்துரைக்கும்போதே அந்த உறவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நிறுவனத்தையே பயன்படுத்த வேண்டும் என்று வாங்குபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கடன் வாங்காமல் முழு விலையையும் செலுத்தி வாங்குபவர்களுக்கு ரெஸ்பா பொருந்தாது.

அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் ஃபிரீடம் மார்ட்கேஜ் நிறுவனத்துக்கு 17.5 லட்சம் டாலரும், ரியல்ட்டி கனெக்ட் என்ற புரோக்கர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. கடனுக்கு ஆள் அனுப்பியதற்கு ஈடாகச் சந்தா சேவைகளும் விருந்துகளும் பணமும் தரப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 2024 டிசம்பரில் ராக்கெட் ஹோம்ஸ் என்ற நிறுவனத்தின் மீதும் அந்த அமைப்பு ஒரு வழக்குத் தொடுத்தது. தன் பரிந்துரை வலையமைப்பின் ஏஜென்ட்டுகள் வாடிக்கையாளர்களைச் சகோதர நிறுவனமான ராக்கெட் மார்ட்கேஜிடமே திருப்பிவிட ராக்கெட் ஹோம்ஸ் அழுத்தம் கொடுத்தது என்று புகார் கூறப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. 2025 பிப்ரவரியில் அந்த அமைப்பே வழக்கைக் கைவிட்டது. அரசின் கண்காணிப்பு ஒரே சீராக இருக்காது என்பதால், வாங்குபவரின் சொந்த விழிப்பு அவசியமாகிறது.

ரிபேட் தருவது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன; நியூ ஜெர்சி 2010 முதல் அனுமதிக்கிறது. அலபாமா, அலாஸ்கா, கன்சாஸ், லூசியானா, மிசிசிப்பி உள்ளிட்டவற்றைத் தடை உள்ள மாநிலங்களாக அமெரிக்க நீதித்துறையின் போட்டிச் சட்டப் பிரிவு பட்டியலிட்டுள்ளது. இத்தகைய தடைகள் போட்டியைக் குறைத்து நுகர்வோருக்குச் செலவை ஏற்றுகின்றன என்பது அதன் நிலைப்பாடு. கென்டக்கியில் அத்துறை 2005-இல் தொடுத்த வழக்கின் விளைவாகத் தடை நீங்கியது. தடை உள்ள இடங்களிலும் தொடக்கத்திலேயே கமிஷனைக் குறைத்துப் பேச வாங்குபவருக்கு உரிமை உண்டு.

வாங்குபவர் தன் ஏஜென்ட்டிடமிருந்து பெறும் ரிபேட்டை வருமானமாகக் கொள்ளாமல், வீட்டின் விலையில் ஏற்பட்ட குறைவாகக் கொள்ளலாம் என்று வரித்துறை 2007-இல் ஒரு தனி விளக்கத்தில் கூறியது. அத்தகைய விளக்கம் கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே வரி ஆலோசகரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ரிபேட்டைக் கடன் நிறுவனத்திடம் மறைப்பது பெரும் தவறு. கிரயக் கணக்கு அறிக்கையில் அது இடம்பெற வேண்டும். மறைத்தால் கடன் மோசடிக் குற்றச்சாட்டு வரை போகலாம்.

2024-க்குப் பின் வந்த மாற்றம்

கமிஷன் முறை போட்டியைத் தடுக்கிறது என்று வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் மிசூரி ஜூரி தேசிய ரியல்டர் சங்கத்துக்கும் பெரிய புரோக்கர் நிறுவனங்களுக்கும் எதிராகச் சுமார் 180 கோடி டாலர் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், அச்சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்ட வீட்டுப் பட்டியல் சேவையைப் பயன்படுத்தும் ஏஜென்ட் ஒரு வீட்டைக் காட்டும் முன் வாங்குபவருடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். யார் கொடுத்தாலும் அந்த அளவுக்கு மேல் ஏஜென்ட் பெற முடியாது.

முன்பு விற்பவர் பக்கத்திலிருந்து வரும் கமிஷனில் ஒரு பகுதியைப் பெற ரிபேட்டே வாங்குபவருக்கு எளிய வழியாக இருந்தது. இப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கட்டணத்தைப் பேசித் தீர்மானிக்கலாம். பரிந்துரைத் திட்டத்தில் பதிந்தவர்கள், ஏஜென்ட்டின் கைகள் கட்டப்பட்ட பிறகு இந்தப் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. என்னை அனுப்பியதற்கு யாருக்கு, எத்தனை சதவீதம் போகிறது? தேசிய ரியல்டர் சங்கத்தின் நெறிமுறைக் கோட்பாட்டின் 6-ஆம் பிரிவு, கடன் அல்லது காப்பீட்டைப் பரிந்துரைப்பதால் கிடைக்கும் பலனை ரியல்டர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் வீட்டுத் தரகுப் பரிந்துரைக் கட்டணத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே கேட்காமல் தெரியவராமல் போகலாம்.

2. இந்தத் திட்டம் இல்லாமல் நேரடியாக வந்தால் உங்கள் கட்டணம் எவ்வளவு?

3. ரிபேட் எந்த வடிவில், எப்போது வரும்? கிரயச் செலவில் கழிக்கப்படுமா, பின்னர் காசோலையாக வருமா? கழிவுத் தொகை கிரயச் செலவைவிட அதிகமானால் மீதி என்னாகும்?

4. குறிப்பிட்ட கடன் நிறுவனத்தையோ டைட்டில் நிறுவனத்தையோ பயன்படுத்துவது நிபந்தனையா? குறைந்தது மூன்று கடன் நிறுவனங்களின் மதிப்பீட்டை ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எல்லாப் பதில்களும் எழுத்தில் இருக்க வேண்டும். கிரயக் கணக்கு அறிக்கை கிரயத்துக்குக் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்கு முன்பே கைக்கு வர வேண்டும் என்பது விதி. அந்த நாள்களில் ரிபேட் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தீங்கு நேர்ந்தால்

வாக்களித்த ரிபேட் வராவிட்டால் முதலில் புரோக்கர் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் தர வேண்டும். ஏஜென்ட்டின் நடத்தை பற்றிய புகாரை மாநில ரியல் எஸ்டேட் ஆணையம் விசாரிக்கும்; உரிமத்தை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஏஜென்ட் ரியல்டர் சங்க உறுப்பினரானால், விவரம் தெரியவந்த 180 நாள்களுக்குள் உள்ளூர்ச் சங்கத்தில் நெறிமுறைப் புகார் கொடுக்கலாம். கடன் நிறுவனம் சம்பந்தப்பட்டிருந்தால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிடமும், விளம்பரமே பொய்யானால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திடமும் முறையிடலாம்.

ரெஸ்பாவின் 8-ஆம் பிரிவை மீறியதற்குத் தனிநபர் வழக்குத் தொடர ஓராண்டுதான் அவகாசம். மீறல் நடந்த நாளிலிருந்தே அது தொடங்குகிறது. எனவே விளம்பரத்தின் நகல், மின்னஞ்சல்கள், ஒப்பந்தம், கடன் மதிப்பீடு, கிரயக் கணக்கு அறிக்கை அனைத்தையும் பத்திரப்படுத்தி, சந்தேகம் எழுந்தவுடன் வழக்கறிஞரை அணுக வேண்டும்.

ரிபேட் வாங்குவதில் தவறில்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அது வாங்குபவரின் உரிமை. ஆனால் ஏஜென்ட்டின் திறமை, கடனின் வட்டி, கட்டணத்தின் அளவு ஆகிய மூன்றையும் எடைபோட்ட பிறகே ரிபேட் கணக்கில் வர வேண்டும். வீடு வாங்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.