சிங்க முத்திரை: பழைய வெள்ளியும் ஏல விற்பனையும்

எங்கள் உம்மம்மாவின் கண்ணாடி அலுமாரியில் ஒரு தேநீர்ப் பாத்திரமும் பாற்கிண்ணமும் சீனிக் கிண்ணமும் இருந்தன. பெருந்தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்ற 1975ஆம் ஆண்டில், ஊருக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை தமது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டாராம். உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். அவர் அங்கே எடுத்தவை அவை. வெள்ளிப் பாத்திரத்தில் குடிப்பது மார்க்கத்தில் கூடாது என்பதால் ஒரு நாளும் அதில் தேநீர் ஊற்றப்படவில்லை. ஆபத்துக்கு உதவும் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு றமழானிலும் உம்மம்மா பக்கத்துக் கடைத் தராசில் மூன்றையும் நிறுத்துப் பார்ப்பார். ஒன்றேகால் கிலோ வரும். வெள்ளிக்கு ஸகாத் கடமையாகும் அளவு ஏறத்தாழ 595 கிராம். ஆகவே நூற்றுக்கு இரண்டரை வீதம் கணக்குப் பார்த்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

சென்ற வருடம் ராத்தாவின் படிப்புச் செலவுக்காக அவற்றை விற்க முடிவானது. நகைக்கடைக்காரர் அடிப்பக்கத்தில் அரத்தால் லேசாக உரசி, ஒரு சொட்டு அமிலம் விட்டார். அது பச்சையாகப் பொங்கியது. "முலாம், தங்கச்சி" என்றார். உம்மா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை.

அன்றிரவு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, பாத்திரத்தின் அடியில் வரிசையாக நான்கு சிறிய கட்டங்களும் ஒவ்வொன்றினுள்ளும் ஓர் ஆங்கில எழுத்தும் தெரிந்தன: ஈ, பி, என், எஸ். மின்னால் வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலப்பு உலோகம் என்பதன் சுருக்கம் அது. உண்மை வெள்ளியின் முத்திரைகளைப் போலத் தோன்றட்டும் என்றே அவ்வாறு கட்டம் கட்டி அடித்திருக்கிறார்கள். ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, எழுத்து உண்மையைத்தான் சொல்கிறது. வாசிக்கத் தெரியாதது எங்கள் பிழை. வாசிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

இங்கிலாந்தில் வெள்ளிக்குத் தரம் பார்க்கும் சட்டம் 1300ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். மிகுதி பெரும்பாலும் செம்பு, ஏனெனில் தனி வெள்ளி மிக மிருதுவானது, கரண்டி செய்தால் வளைந்துவிடும். சோதித்துச் சரியென்று கண்டதும் சிறுத்தைத் தலை முத்திரை குத்தினார்கள். 1363இல் செய்தவரின் அடையாளமும், 1478இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், 1544இல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. பிற்காலத்தில் சிறுத்தைத் தலை இலண்டனைக் குறிக்கும் அடையாளமாயிற்று. 1773இல் பர்மிங்ஹாமுக்கு நங்கூரமும் ஷெபீல்டுக்குக் கிரீடமும் கிடைத்தன. கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் ஏன் என்று யோசிப்பீர்கள். அனுமதி கேட்டு இலண்டன் வந்தவர்கள் கூடிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்' என்றொரு கதை சொல்லப்படுகிறது. 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையும் குத்தப்பட்டது. ஆகவே ஐந்து சின்னங்களைப் பார்த்தால் எங்கே, எப்போது, யார் செய்தது, வரி கட்டியாயிற்றா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வேறெந்தப் பழம்பொருளுக்கும் இவ்வளவு துல்லியமான பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்று நினைக்கிறேன். ஓவியத்தில் கையெழுத்தைப் போலியாக இடலாம், நாற்காலியில் அதுகூட இருக்காது.

வெள்ளியிலும் மோசடி இல்லாமல் இல்லை. வரிக்குப் பயந்த சிலர், ஒரு சிறு தகட்டை மட்டும் சோதனைக்கு அனுப்பி, குத்திவந்த முத்திரையைப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். மிகப் புகழ்பெற்ற கைவினைஞரான போல் டி லாமெரியே வரி ஏய்த்தவர்தான். அடிப்பகுதியில் ஊதி ஈரம் படியச் செய்தால், பற்றவைத்த கோடு வெளியே தெரியும் என்பார்கள்.

செய்தவரின் அடையாளங்களில் என் மனதைத் தொட்டது, சாய்வெழுத்தில் 'எச் பி' என்றிருக்கும் ஒன்று. ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்ணுடையது. கணவர் 1760இல் இறந்தபோது தமது பட்டறைக் கருவிகளை மனைவிக்கே எழுதிவைத்தார். அடுத்த ஆண்டில், தமது ஐம்பதுகளில் இருந்த அவர், சொந்த அடையாளத்தைப் பதிவுசெய்தார். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்கிறார்கள். மெல்லிய வெள்ளித் தகட்டை இயந்திரத்தில் உருட்டி எடுத்து, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கக்கூடிய கரண்டிகள், தேநீர்ப் பாத்திரங்கள், சீனிக் கூடைகளைச் செய்தார். முப்பது வருடமளவில் தொழில் நடத்தி, 1790இல் பிள்ளைகளிடமும் மருமகளிடமும் ஒப்படைத்தார். இன்று அந்த இரண்டு எழுத்துகள் இருந்தால், அதே நிறையுள்ள வேறொரு பாத்திரத்தைவிட அதிக விலை கேட்பார்கள்.

இந்த விலை எப்படித் தீர்மானமாகிறது என்பதுதான் ஏலத்தின் விடயம். சொதபிஸ் நிறுவனம் 1744இலும் கிறிஸ்டிஸ் 1766இலும் இலண்டனில் தொடங்கின. ஏலத்துக்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கமிட்டு, படமும் விவரமும் எதிர்பார்க்கும் விலையும் போட்டு நூலாக வெளியிடுவார்கள். விற்பவர் இரகசியமாக ஓர் அடிவிலை வைத்திருப்பார். அதற்குக் கீழே விற்க மாட்டார்கள். சுத்தியல் விழுந்த விலையோடு காரியம் முடிவதில்லை. 1975இல் அவ்விரு நிறுவனங்களும் வாங்குபவரிடமும் கட்டணம் அறவிடத் தொடங்கின. இப்போது அது பல இடங்களில் விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். ஆயிரம் பவுணுக்குக் கேட்டவர் ஆயிரத்து இருநூற்றைம்பது கொடுக்க நேரிடலாம். இது தெரியாமல் கை உயர்த்தியவர் பாவம்!

இந்த மேடைகளில் விலை எட்டும் உயரத்துக்கு ஓர் உதாரணம்: புளோரன்ஸ் நகரில் 1732இல் முடிக்கப்பட்ட, நிறக்கற்கள் பதித்த கருங்காலிப் பேழை ஒன்று 1990இல் 85 இலட்சம் பவுணுக்கு மேலும், 2004இல் 1 கோடி 90 இலட்சம் பவுணுக்கு மேலும் விற்பனையானது. பட்மின்டன் பேழை என்பது அதன் பெயர். வாசித்தபோது எனக்குத் தலை சுற்றியது.

ஏலம் கூடுமா என்று உம்மம்மா கேட்டார். எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை விளக்கினார். உதவி கேட்டு வந்த ஒரு ஏழை அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபி (ஸல்) அவர்களே கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்ததாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. தடுக்கப்பட்டது 'நஜ்ஷ்', அதாவது வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பது. ஐரோப்பிய ஏலங்களிலும் இதே நோய் உண்டு. அடிவிலையை எட்டும் வரை இல்லாத ஆள் கேட்டதுபோல ஏலம் விடுபவர் சுவரையும் சரவிளக்கையும் பார்த்து விலை ஏற்றும் வழக்கமும் இருக்கிறது. அதன் மறுபக்கம், வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து ஒருவரோடொருவர் போட்டியிடாமல் மலிவாக எடுத்து, பின்னர் தங்களுக்குள் தனியாக ஏலம் விட்டுக்கொள்வது. பிரித்தானியா 1927இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. முதலாவது வாங்குபவரை ஏய்க்கிறது, இரண்டாவது விற்கும் விதவையையும் அநாதையையும் ஏய்க்கிறது. எனக்கு இரண்டாவதே கொடியதாகப் படுகிறது.

பழைய வெள்ளிக்கு மோசடியை விடப் பெரிய எதிரி அதன் சொந்த உலோகம்தான். பீங்கான் உடைந்தால் குப்பை, ஆனால் வெள்ளி எந்நேரமும் காசாக உருகத் தயாராக இருக்கிறது. பிரான்ஸின் பதினான்காம் லூயி 1689இல் போர்ச் செலவுக்காக வேர்சாய் மாளிகையின் வெள்ளி மேசைகளையும் விளக்குத் தண்டுகளையும் நாணயச் சாலைக்கு அனுப்பினார். அக்காலப் பிரெஞ்சு வெள்ளி இன்று அரிதாகவும் விலை கூடியதாகவும் இருப்பதற்கு இத்தகைய உருக்கல்களே காரணம். 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில், அவுன்ஸ் ஆறு டொலரளவில் இருந்த வெள்ளி ஒரே வருடத்தில் ஐம்பது டொலரை நெருங்கியது. வேலைப்பாட்டின் விலையை உலோகத்தின் விலை தாண்டிவிட்டது. இருநூறு வருடப் பாத்திரங்கள் வரிசையாக உலைக்குப் போயின. மார்ச் மாதத்தில் விலை சரிந்தபோது உலோகம் திரும்ப மலிந்தது. பாத்திரங்கள் மட்டும் திரும்பவில்லை.

ராத்தாவின் கட்டணத்தை உம்மா தமது இரண்டு காப்புகளை அடகு வைத்துக் கட்டினார். இத்தனை வருடம் முலாமுக்கு ஸகாத் கொடுத்தோமே என்று நான் சொல்லிச் சிரித்தபோது, "அது ஸதகாவாச் சேரும் புள்ள, அல்லாஹ்ட கணக்கில முலாம் இல்ல" என்றார் உம்மம்மா.

பிறகு அலுமாரியை முழுதாகத் துழாவினேன். சீனிக் கிண்ணத்தோடு வந்த, யாரும் நிறுத்துப் பார்க்காத சின்னக் கரண்டி ஒன்று மூலையில் கறுத்துக் கிடந்தது. துடைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சிங்கம்! பக்கத்தில் நங்கூரம். அரசியின் தலை இல்லை, ஆகவே 1890க்குப் பிற்பட்டதாக இருக்கலாம். நகைக்கடையில் நிறைக்கு விலை சொன்னார்கள், ஒரு கிழமைச் சந்தைச் செலவுக்கும் காணாது. கொடுக்கவில்லை. ஆண்டு எழுத்து தேய்ந்திருக்கிறது. 'எச்' என்று உம்மா சொல்கிறார், எனக்கு 'என்' மாதிரித் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.