அலுவலக ஆங்கிலம் – 9: குலைகளும் ‘எவாக்குவேஷன்’தான்

புக்கிட் ரோத்தான் பக்கம் தென்னமரம் தோட்டம் என்றால் கோல சிலாங்கூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பெயரில்தான் தென்னை. 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே நட்டது செம்பனை. இந்நாட்டில் வணிக அளவில் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பின்னாளில் நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கிய இந்த மனிதர், மலாயும் தமிழும் கற்றுக்கொண்டுதான் தோட்டம் நடத்தினார். துரைமார் நம் மொழியைப் படித்த காலம் அது. இப்போது நம் பிள்ளைகள் தோட்டக் கம்பெனிகளில் நிர்வாகிகளாகச் சேர்ந்து ஆங்கில அறிக்கை எழுதுகிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பவை நீளமான சொற்களல்ல, தெரிந்த சொற்களே.

‘கிராப் எவாக்குவேஷன் டிலேய்டு’ என்று காலையில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. வெள்ளம் வந்தால் ஆட்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோவதுதான் நாம் அறிந்த எவாக்குவேஷன். செம்பனைத் தொழிலில், வெட்டிய குலைகளை நிரையிலிருந்து ரோட்டோரம் சேர்த்து, லாரியேற்றி, ஆலைக்கு அனுப்பும் வேலைக்கு அந்தப் பெயர். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறி விலை இறங்கும். அந்த அவசரத்தை நினைத்தால் பெயர் அப்படியொன்றும் பொருந்தாமல் இல்லை.

அதே அறிக்கையில் கீழே ‘ஸ்டாண்ட் 136’ என்றிருக்கும். யாரும் எங்கும் நிற்கவில்லை. ஒரு ஹெக்டருக்கு 136 மரங்கள் என்று பொருள். ‘வேக்கன்சி’ என்றால் வேலை காலி என்று மகிழ வேண்டாம், மரம் செத்து வெறுமையாகக் கிடக்கும் குழி அது. அந்தக் குழியில் மறுகன்று வைப்பது ‘சப்ளையிங்’. சரக்கு அனுப்புவதென்று நினைத்துக் கணக்குப் பிரிவுக்குக் கேள்வி அனுப்பினால் சிரிப்பார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்க்கெட்டிங் கூட்டங்களில் ‘டேப் நியூ மார்க்கெட்ஸ்’ என்பதை ஓயாமல் கேட்டிருப்பீர்கள். கதவை லேசாகத் தட்டுவதும் டேப்தான், ஆனால் அது வேறு சொல். எழுத்து மட்டுமே ஒன்று. இந்த டேப் பீப்பாயின் அடைப்பைக் குறித்த சொல். அதை எடுத்து மதுவை ஒழுகவிடுவது, அப்படியே பால்மரத்துக்கும் வந்து, ரப்பர் வெட்டுகிறவர் ‘டேப்பர்’ ஆனார். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டையை மெல்லிசாகச் சீவினால்தான் பால் மங்கில் இறங்கும். கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். அதற்கும் ஓய்வு வேண்டும் என்றுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார்கள். சந்தையை ‘டேப்’ பண்ணக் கிளம்பும் மேலாளர்கள் இந்த மூன்றாவது விஷயத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விடியுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டு, ஆங்கிலப் ‘பரேட்’ நம் வாயில் விழுந்து உருண்ட வடிவம். துரையின் ஏட்டிலோ அது ‘மஸ்டர்’. ‘பாஸ் மஸ்டர்’ என்று வேலை மதிப்பீட்டில் எழுதினால், சோதித்துப் பார்த்ததில் தேறியது என்று பொருள். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பரவாயில்லை என்கிற அளவுதான்.

கடைசியாக, ‘கைண்ட்லி ரிவர்ட்’. நம் ஊரிலும் இந்தியாவிலும் இதற்கு ‘பதில் போடுங்கள்’ என்று பொருள், யாருக்கும் குழப்பமில்லை. லண்டன்காரருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. களையெடுக்காமல் விட்ட தோட்டம் மறுபடி பெலுக்காராகிப் போகிறதே, அதுதான் அசல் ரிவர்ட். உள்ளூர்க் கடிதத்தில் தாராளமாக எழுதுங்கள், தவறென்று நான் சொல்லமாட்டேன். ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு மட்டும் ‘ப்ளீஸ் ரிப்ளை’ போதும். ஓர் எழுத்து மிச்சம்.

அடுத்த வாரம் ‘பை ஃப்ரைடே’, ‘டில் ஃப்ரைடே’ சண்டை. வெள்ளிக்குள், வெள்ளி வரை என்று தமிழில் ஒழுங்காகப் பிரித்துச் சொல்லும் நாம், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம் என்று பார்ப்போம்.