ஜீன் பழுதானால் கீமோதெரபி கேட்குமா?

சிறுநீர்ப்பையில் கேன்சர். கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் 'பி-53 ஜீன் பழுது' என்று ஒரு வரி. 'அப்படின்னா மருந்தே வேலை செய்யாதா டாக்டர்?' என்று வீடே கலங்கிப் போகும். அவசரப்பட்டுக் கலங்க வேண்டாம்.

பி-53 நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிற நல்ல ஜீன்தான். 1979-ல் இதன் புரதத்தைக் கண்டுபிடித்தபோது, கேன்சரைத் தூண்டும் வில்லன் என்றே நினைத்தார்கள். பத்து வருஷம் கழித்துத்தான் அது காவல்காரன் என்று புரிந்தது! செல்லின் டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டால், 'நில், ரிப்பேர் பண்ணு' என்று உத்தரவு போடும். சரிப்படாவிட்டால் செல்லையே சாகச் சொல்லும். தசை வரை பரவிய சிறுநீர்ப்பைக் கேன்சரில் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இந்தக் காவல்காரன் படுத்துவிடுகிறான். (பெரும்பாலும் இது கட்டிக்குள் மட்டும் உண்டாகும் கோளாறு. பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அநேகமாகத் தேவையில்லை. சிகரெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.)

இந்த நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து சிஸ்பிளாட்டின். நகைக்கடை பிளாட்டினமேதான்! அது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, செல்லைப் பெருக விடாமல் செய்யும். காவல்காரன் இல்லாவிட்டால் 'செத்துப்போ' என்று சொல்ல ஆளில்லை, செல் தப்பிக்கலாம். ஆனால் 'நின்று ரிப்பேர் பண்ணு' என்று சொல்லவும் ஆளில்லையே! சேதத்தோடு பிரியப் போய் அழிந்தும் போகலாம். அதனால்தான் பி-53-ஐ மட்டும் வைத்து ஆரூடம் சொல்ல முடிவதில்லை. சிறுநீர்ப்பையை அகற்றியவர்களில் இந்தக் கோளாறு இருந்தவர்களைப் பிரித்து, பாதிப்பேருக்கு மட்டும் கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவில், நோய் திரும்புவதில் வித்தியாசமே தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ரிப்பேர் வேலையையே செய்கிற ஜீன் கெட்டால் நோயாளிக்கு லாபம்! 2014-ல் 50 பேரின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். மருந்துக்கு நன்றாகக் கரைந்த 25 கட்டிகளில் ஒன்பதில் ஈ.ஆர்.சி.சி.-2 என்ற ரிப்பேர் ஜீன் பழுது. கரையாத 25-ல் ஒன்றில்கூட இல்லை. பிளாட்டினம் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கட்டிக்கு வழியில்லாமல் போகிறது.

'அப்படியானால் பையை எடுக்காமலே விட்டுவிடலாமே?' நியாயமான ஆசைதான். ஜீன் ரிப்போர்ட் பார்த்து அப்படி முயன்ற ஆய்வில் சிலருக்குப் பை தப்பியது. சிலருக்கு நோய் திரும்பி வந்தது. ஆகவே ரிப்போர்ட்டை மட்டும் நம்பி ஆபரேஷன் வேண்டாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் கிட்னியையும் காதையும் பாதிக்கக்கூடியது. கிட்னி கோளாறோ காது மந்தமோ இருந்தால், முதல் பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.