தடுப்பணை போனால் கிணத்துத் தண்ணி என்னாகும்?

2021 நவம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணையாற்றில் இரண்டு அணைக்கட்டுகள் உடைந்தன. ஒன்று, 1950 வாக்கில் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு. இன்னொன்று, 2020-இல் திறந்த தளவானூர் தடுப்பணை. வெள்ளம் கரையை அரித்ததால், உடையாமல் நின்ற பகுதியையும் அதிகாரிகள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டுமே நம்ம திருக்கோவிலூருக்குக் கிழக்கே, ஆத்தோட போக்கில் கீழே இருப்பவை. கட்டின செலவைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. கரையோரக் கிணறுகளின் கணக்கையும் நாம் தெரிஞ்சுக்கணும்.

ஆத்துத் தண்ணியும் கரையோரக் கிணத்துத் தண்ணியும் மண்ணுக்கடியில் ஒண்ணோட ஒண்ணு தொடர்புள்ளவை. தடுப்பணை ஆத்து மட்டத்தை உயர்த்தினால், தண்ணி மணல் வழியாகப் பக்கத்து நிலத்துக்குள் ஊறும். தடுப்பு போனதும் ஆத்து மட்டம் இறங்கும். நிலத்தில் ஊறி நின்ற தண்ணி திரும்ப ஆத்துக்கே வடியும். கரையை ஒட்டின கிணறுகளில் இது முதலில் தெரியும். தள்ளிப் போகப் போகப் பாதிப்பு குறையும். மணல் பாங்கான இடத்தில் சீக்கிரம் இறங்கும், களிமண்ணில் மெதுவாக இறங்கும். பாறை நிலத்தில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுதோ அதைப் பொறுத்தது. அதனால்தான் அடுத்தடுத்த இரண்டு கிணறுகூட ஒரே மாதிரி இருப்பதில்லை.

அமெரிக்காவில் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2023, 2024-இல் அகற்றினார்கள். அது வருஷம் முழுக்க ஓடும் ஆறு. அப்படிப்பட்ட இடத்தில் கிணத்து மட்டம் கொஞ்சம் இறங்கி, புது ஆத்து மட்டத்துக்கு ஏற்ப ஓரிடத்தில் நின்றுவிடும். நம்ம ஆறுகள் அப்படியில்லை. மழைக்காலத்தில் ஓடி, கோடையில் மணலாகக் கிடப்பவை. ஓட்டம் நின்ற பிறகும் தடுப்பணையில் தேங்கின தண்ணி மண்ணுக்குள் இறங்கிட்டே இருக்கும். ஆகவே தடுப்பணை போனால் நாம் முக்கியமாக இழப்பது, தண்ணி ஊறும் நாட்களை. ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிறைஞ்சுதான் தெரியும். மாசி, பங்குனியில்தான் குறை வெளியே வரும்.

மட்டம் இறங்கினதும் போர் போட ஓட வேண்டாம். முதலில் காரணம் தெரியணும். அதற்குச் செலவில்லாத வழி உண்டு:

• மாசாமாசம் அமாவாசையன்னைக்குக் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், கல் கட்டின கயிற்றை விட்டுத் தரையிலிருந்து தண்ணி வரை எத்தனை அடின்னு எழுதுங்க. பக்கத்திலேயே அந்த மாச மழையையும் ஆத்தில் ஓட்டம் இருந்ததா என்பதையும் குறிங்க.

• கரையோரக் கிணறு, அரை கிலோமீட்டர் தள்ளிய கிணறு, இன்னும் தொலைவில் ஒன்று என மூன்றையும் ஒப்பிடுங்க. கரையோரம் மட்டும் இறங்கினால் காரணம் ஆத்துப் பக்கம். மூன்றும் சேர்ந்து இறங்கினால் மழைக்குறைவோ, அதிகப்படியாக இறைப்பதோ காரணமாக இருக்கலாம்.

• ஆத்து மணலைக் காப்பாத்துங்க. மணல் அள்ளி ஆறு பள்ளமானால், அதுவும் தடுப்பணையை எடுத்த மாதிரிதான். கரையோரக் கிணறு வடியும்.

இந்தக் கணக்கு கோமுகி, மணிமுக்தா ஆத்தோரத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆத்துத் தடுப்பு நம்ம கையில் இல்லை. வரப்பை உயர்த்துவது, பண்ணைக்குட்டை வெட்டுவது, மூடாக்கு போடுவது, ஏரி வரத்துவாய்க்காலைத் தூர்வாருவது நம்ம கையில் இருக்கு. ஊறும் நாட்களை நம்ம நிலத்திலேயே கூட்ட முடியும். புதுத் தடுப்பணை கேட்டு மனு கொடுக்கும்போது, இரண்டு வருஷக் கிணத்துக் கணக்கையும் சேர்த்து வையுங்க. வெறும் கோரிக்கையைவிட அதற்குப் பலம் அதிகம்.