விமானப் போக்குவரத்தில் காற்றும் பார்வைத் தூரமும்

பல்லாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்குச் சாதாரணக் காற்றினாலும் மேகத்தினாலும் நேரும் இடையூறு சொற்பமே. அது தரையை விட்டுக் கிளம்பும் சில விநாடிகளிலும், மீண்டும் தரையைத் தொடும் சில நிமிஷங்களிலுமே வானிலை பெரிதும் குறுக்கிடுகிறது. அரபிக் கடலோரத்திலுள்ள திருவனந்தபுரம் விமான நிலையத்தைக் கொண்டு இதை நன்கு விளக்கலாம். 1935-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் பம்பாயிலிருந்து வந்திறங்கிய இந்நகரில், இன்று சுமார் 3,400 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை சங்குமுகம் கடற்கரையை அடுத்து அமைந்திருக்கிறது.

இவ்வோடுபாதையின் இரு முனைகளுக்கும் 14, 32 என்ற எண்கள் இடப்பட்டுள்ளன. காந்த வடக்கிலிருந்து வலமாக அளந்தால் பாதையின் ஒரு திசை ஏறக்குறைய 140 பாகை. எதிர்த்திசை 320 பாகை. கடைசிப் பூஜ்யத்தை நீக்கி எண்ணிடுவது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். காற்று வடமேற்கிலிருந்து வீசுமாயின் விமானங்கள் 32 என்ற திசையிலும், தென்கிழக்கிலிருந்து வீசுமாயின் 14 என்ற திசையிலும் ஏறி இறங்கும். அதாவது, எப்போதும் காற்றை எதிர்கொண்டே செல்லும்.

இதற்குக் காரணம் யாது? விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளைக் கடந்து செல்லும் காற்றின் வேகமேயன்றித் தரையைச் சார்ந்த வேகமன்று. மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றுவேகத்தில் இறங்கவேண்டிய ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருப்பின், அது 220 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் தரைவேகம் 260 ஆகிவிடும். நிற்பதற்கு வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகுமாதலால், பின்காற்றில் ஓடவேண்டிய தூரம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதிகமாகும். பாதை நனைந்திருப்பின் இத்தூரம் இன்னும் நீளும். விமானம் எழும்பும்போதும் இக்கணக்கே பொருந்தும். எதிர்க்காற்றில் குறைந்த ஓட்டத்திலேயே அது மேலெழுந்துவிடும்.

2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி, கேரளத்தின் கோழிக்கோட்டில், மேட்டுநிலத்தின் மேல் அமைந்த ஓடுபாதையில் மழையினூடே ஒரு விமானம் இறங்கிற்று. அப்போது பின்காற்று வீசிக்கொண்டிருந்தது. பாதையின் ஏறத்தாழப் பாதியைக் கடந்த பின்னரே அது நிலத்தைத் தொட்டது. எஞ்சிய தூரத்துக்குள் நிற்க இயலாமல் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் உயிரிழந்தனர்.

காற்று எப்போதும் நேர் எதிரே வீசுவதில்லை. திருவனந்தபுரத்தில் கடற்காற்று நேர் மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். பாதைக்கும் அதற்கும் இடையிலுள்ள கோணம் சுமார் 50 பாகை. எதிர்க்காற்றாக 19 கிலோமீட்டரும், குறுக்குக் காற்றாக 23 கிலோமீட்டரும் அமையும். வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும் ஓடக்காரன் நீரோட்டத்துக்கு எதிராகப் படகின் முகப்பைத் திருப்பிச் செலுத்துவதுபோல, விமானியும் காற்று வரும் பக்கம் முகப்பைச் சற்றுத் திருப்பியே வருவான். தரையைத் தொடும் தறுவாயில் அதைப் பாதைக்கு நேராக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் தாங்கக்கூடிய குறுக்குக் காற்றின் எல்லை உண்டு.

இனிப் பார்வைத் தூரத்தைக் காண்போம். வானொலிக் கருவிகளின் துணையால் விமானம் பாதையை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. முதல் தரக் கருவிமுறையில், பொதுவாக 60 மீட்டர் உயரத்தை எட்டுமுன் விளக்குகளோ பாதையோ விமானியின் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். ஓடுபாதையில் 550 மீட்டராவது தெரிதல் வேண்டும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க எட்டு விநாடிகளே பிடிக்கும்! ஒன்றும் தெரியாவிடில் தயங்காமல் மேலெழும்பிவிட வேண்டும். இவ்வாறு திரும்பிச் செல்வது தோல்வியன்று. விதிகள் வகுத்த பாதுகாப்பே ஆகும்.

எனினும் ஒவ்வொரு முயற்சியும் எரிபொருளை விழுங்குகிறது. 2015 ஆகஸ்டு 18-ஆம் தேதி, தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த விமானமொன்று, பார்வைத் தூரம் குன்றியிருந்தமையால் அங்கு மூன்று முறை முயன்றும் இறங்க இயலாமல் திருவனந்தபுரத்துக்குத் திருப்பப்பட்டது. இங்கும் பார்வைத் தூரம் குறைந்திருந்தது. மேலும் மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை. எரிபொருள் அபாயகரமாகக் குறைந்துவிட்ட நிலையில், நான்காவது முறை, அதாவது மொத்தத்தில் ஏழாவது முறை, அது தரையிறங்கியது. பிரயாணிகள் உயிர் தப்பினர்.

இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் சுமார் 200 கிலோமீட்டரே. அருகிலுள்ள நிலையங்கள் சில சமயங்களில் ஒரேவித வானிலையில் அகப்பட்டுவிடும். ஆகவே, மாற்று நிலையத்தைத் தேர்ந்தெடுக்கையில் அண்மையை மட்டுமன்றி, அங்கே நிலவக்கூடிய வானிலையையும் ஆராய வேண்டும். வானிலை நிலையத்தார் அரைமணிக்கொரு முறை அனுப்பும் காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகத்தின் உயரம் ஆகிய விவரங்கள் இத்தேர்வுக்கு உதவுகின்றன. எத்தனை முறை முயல்வது, எப்போது வேறிடம் நாடுவது என்பதை, எரிபொருள் போதியதாக இருக்கும்போதே விமானி தீர்மானித்தல் இன்றியமையாததாகும்.