பில்ஹார்சியா: பள்ளிக்கு முன்னும் பள்ளிக்குப் பின்னும்

சிஸ்டோசோமியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோயைக் கட்டுப்படுத்தும் முயற்சி பல பத்தாண்டுகளாகப் பள்ளி மாணவர்களை மையமாகக் கொண்டே நடந்துவந்திருக்கிறது. வகுப்பறையில் கூடியிருக்கும் பிள்ளைகளைச் சோதிப்பதும் அவர்களுக்கு மாத்திரை கொடுப்பதும் எளிது என்பதால் இம்முறை வேரூன்றியது. ஆனால் பள்ளிக்கு இன்னும் வராத குழந்தைகளும், பள்ளியை விட்டு நின்றுபோன இளம்பெண்களும் ஆய்விலிருந்தும் சிகிச்சையிலிருந்தும் ஒருசேர விடுபட்டுப்போயினர்.

நீரிலிருந்து குருதிக்கு

1851இல் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடோர் பில்ஹார்ஸ் இந்நோயை உண்டாக்கும் புழுவைக் கண்டறிந்ததால் நோய்க்குப் பில்ஹார்சியா என்ற பெயரும் வழங்குகிறது. நோயாளியின் சிறுநீரிலோ மலத்திலோ வெளிப்படும் முட்டைகள் குளம், ஏரி, ஓடை போன்ற நன்னீர் நிலைகளில் பொரிந்து, அங்குள்ள நத்தைகளின் உடலுக்குள் பெருகி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்புழுக்களாக நீரில் நீந்தி, துணி துவைப்பவர், மீன் பிடிப்பவர், நீராடுபவர் என யாருடைய தோலையும் துளைத்து உட்புகுகின்றன. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் சிஸ்டோசோமா ஹீமடோபியம் என்னும் வகை, இடுப்புப் பகுதியின் இரத்தக் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகிறது.

உடலைச் சிதைப்பது புழுவைவிட அதன் முட்டையே. வெளியேற வழியின்றித் திசுக்களில் சிக்கிக்கொள்ளும் முட்டைகளைச் சுற்றி அழற்சியும் தழும்பும் உண்டாகி, முதலில் சிறுநீரில் இரத்தமும், கவனியாது விட்டால் பல ஆண்டுகளுக்குப் பின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் தோன்றக்கூடும். ஆப்பிரிக்காவில் சிறுவனின் சிவந்த சிறுநீரைப் பருவமடைந்ததன் அடையாளமாகக் கருதிய ஊர்களும் இருந்தன என்பது, நோய் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள கிம்வி கிராமத்தில் 1950களில் இந்நோய் பதிவானது உண்டு. எனினும் 2021இல் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்ட ஏறத்தாழ 25 கோடிப் பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்காவில் வாழ்பவர்களே.

94 செ.மீ.க்குக் கீழே

எடை பார்க்கும் கருவி இல்லாத ஊர்களில், பிள்ளையை ஓர் அளவுகோலின் அருகே நிறுத்தி, உயரத்தைக் கொண்டு இந்நோய்க்கான பிராசிகுவாண்டல் மாத்திரை எத்தனை என்று முடிவு செய்வார்கள். அந்த அளவுகோல் 94 செ.மீ.இல் தொடங்குகிறது, அதற்கும் குள்ளமான குழந்தைக்கு அதில் இடமில்லை. மாத்திரை பெரிதாகவும் கசப்பாகவும் இருந்தது ஒரு காரணம் என்றால், கைக்குழந்தைகள் நீர்நிலைக்குப் போவதில்லை என்ற தவறான அனுமானம் மற்றொரு காரணம். துணி துவைக்கும் தாய் குழந்தையைக் கரையோர ஆழமற்ற நீரில் அமர்த்துகிறாள், அல்லது அதே நீரை முகந்துவந்து வீட்டில் குளிப்பாட்டுகிறாள் என்பதைக் களத்தில் இறங்கிப் பார்த்த ஆய்வாளர்களே உணர்த்தினர். முகந்த நீரை ஓரிரு நாட்கள் தேக்கிவைத்துப் பயன்படுத்தினால் இளம்புழுக்கள் மடிந்துவிடும் என்பது தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டிய எளிய செய்தியாகும்.

2012இல் தொடங்கப்பட்ட குழந்தைகளுக்கான பிராசிகுவாண்டல் கூட்டமைப்பு, 3 மாதம் முதல் 6 வயது வரையுள்ளோருக்கென நீரில் கரையும் ஆர்பிராசிகுவாண்டல் மாத்திரையை உருவாக்கி, கென்யாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் சோதித்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2023 டிசம்பரில் அதற்குச் சாதகமான கருத்து வழங்கியது.

இளம்பெண்களின் மறைந்த நோய்

ஹீமடோபியத்தின் முட்டைகள் கருப்பை வாயிலும் யோனிச் சுவரிலும் தங்கிவிடும்போது உண்டாவது பெண் பிறப்புறுப்பு சிஸ்டோசோமியாசிஸ் ஆகும். எகிப்தில் ஓர் இளம்பெண்ணிடம் கண்ட இந்நிலை 1899இலேயே மருத்துவ இதழில் பதிவாகியும், பாடநூல்கள் அதற்குப் போதிய இடம் தரவில்லை. இன்று ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 5.6 கோடிப் பெண்களும் சிறுமியரும் இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. வெள்ளைப்படுதல், அரிப்பு, உடலுறவின்போது வலியும் இரத்தக் கசிவும், கருச்சிதைவு, மலட்டுத்தன்மை ஆகியவை இதன் அறிகுறிகளாகவும் விளைவுகளாகவும் அமைவதால், மருத்துவர்களே இதனைப் பால்வினை நோய் எனப் பிழையாகக் கணிக்க, குளித்த நீரால் நோயுற்ற பெண் ஒழுக்கத்தின் பேரில் பழி சுமக்க நேர்கிறது. இது மருத்துவப் பிழை மட்டுமன்று, பெரும் அநீதியும் ஆகும். ஜிம்பாப்வேயில் 2006இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயுள்ள பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ மும்மடங்கு காணப்பட்டதாகக் கூறியது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையாததால் அத்தொடர்பு இன்னும் ஆராயப்பட்டுவருகிறது.

ஆய்வின் இடர்ப்பாடு

சிறுநீரில் முட்டை தென்படாத பெண்ணுக்கும் உள்ளுறுப்பில் நோய் இருக்கக்கூடும் என்பதால், கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் கருவியால் கருப்பை வாயைப் பார்த்து, மணல் பதிந்தாற்போன்ற மஞ்சள் திட்டுகளைத் தேடவேண்டியிருக்கிறது. அக்கருவி கிராமங்களில் அரிது. மணமாகாத பெண்களை அவ்வாறு பரிசோதிப்பது சமூகத்திலும் அறநெறியிலும் ஏற்கத்தக்கதாகக் கருதப்படுவதில்லை. ஆகவே தொற்றின் உச்சத்தில் உள்ள வயதினரைப் பற்றியே மிகக் குறைவாக அறியப்பட்டிருக்கிறது. ஜாம்பியாவில் நடந்த ஆய்வு இத்தடையை வேறு வழியில் கடந்தது. பெண்கள் தம் வீட்டிலேயே, தனிமையில், தாமே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்க, ஆய்வகத்தில் ஒட்டுண்ணியின் மரபணு தேடப்பட்டது.

பிராசிகுவாண்டல் முதிர்ந்த புழுக்களைக் கொல்கிறது. இளம்புழுக்களிடம் அதன் வலிமை குறைவு, ஏற்கெனவே படிந்த திட்டுகள் மறைவதும் உறுதியில்லை. 20 வயதுக்கு முன் இம்மருந்தை உட்கொண்ட பெண்களிடம் திட்டுகளும் இரத்தக் கசிவும் குறைவாக இருந்ததை ஜிம்பாப்வே ஆய்வாளர்கள் 2008இல் தெரிவித்தனர். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 2 வயது முதல் பெரியவர்கள் வரை, முதல் மூன்று மாதங்களைக் கடந்த கர்ப்பிணிகளையும் சேர்த்து, சிகிச்சையின் எல்லையை விரித்திருக்கிறது. நோய் பரவியுள்ள பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம், சிறுவயதில் எந்த நீர்நிலையில் குளித்தார், சிறுநீரில் இரத்தம் கண்டதுண்டா என்ற இரு வினாக்களையும் செவிலியர் கேட்டுப் பதிவு செய்தால், பலருக்கு நோயின் உண்மைப் பெயர் முதன்முறையாகத் தெரியவரும்.